குண்டு பல்பு எரிந்த அலமாரி

பவுல்ராஜ் அண்ணனுக்குச் சாவதில் பெரிய பயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. செத்த பிறகு தன் அலமாரியை யார் திறப்பார்கள் என்பதில்தான் அவருக்கு உயிர் நடுங்கியது. இதைக் கேட்டு வேறு யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். சிரிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அந்த அலமாரிக்குள் பல்பு மாட்டிக் கொடுத்தவன் நான்.

என் பெயர் ஏகநாதன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவரும் அங்கேதான் வேலை பார்த்தார், கிடங்குப் பிரிவில். பிற்பாடு குன்னூர் போகிற ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில், அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டோம். அவர் இருமினால் என் வீட்டில் கேட்கும்.

எங்கள் தொழிற்சாலைக்குள் தீப்பெட்டி, பீடி, செல்போன் எதையும் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் தினமும் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நாங்களெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி நிற்போம். பவுல்ராஜ் அண்ணன் மட்டும் அந்தக் குளிரிலும் வேர்த்துப் போய் நிற்பார். காவலாளியின் கை அவர் சட்டைப் பையைத் தாண்டும்வரை மூச்சு விடமாட்டார்.

"பையில ஒன்னும் இல்லீங்களே அண்ணா, எதுக்கு இப்படிப் பயப்படறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லைன்னு எனக்குத் தெரியும் ஏகா. அவனுக்குத் தெரியோணுமே" என்றார்.

அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிங்கம். எங்கள் பக்கத்து ஆலயத்தில் அவர்தான் பாடகர் குழுத் தலைவர். நான் இந்து என்றாலும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என் மனைவி அம்சவேணியோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்வது உண்டு. அதற்கு முந்தைய ஒத்திகைகளையும் வேடிக்கை பார்த்திருக்கிறேன். சுருதி ஒரு இழை இறங்கினால் போதும், கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். பாடியவர் முகம் செத்துப் போகும். ஒரு கல்யாண வரவேற்பில் சினிமா மெட்டில் ஞானப்பாட்டுப் பாடியவர்களைப் பார்த்து, ஆலயம் என்ன ரெக்கார்டு டான்ஸ் மேடையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர்கள் அதற்குப் பிறகு பாடகர் குழுப் பக்கமே வரவில்லை.

அவர் மனைவி எல்சாக்கா போதகர் வீட்டுப் பெண். லவ்டேலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார். சினிமாப் பாட்டும் சீட்டாட்டமும் நுழையாத வீடாக இருந்தால்தான் பெண் தருவேன் என்று அக்காவின் அப்பா சொல்ல, இவர் வேதத்தின்மேல் கை வைத்துச் சம்மதித்தாராம். பிள்ளைகள் இல்லை. அக்கா அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், நமக்கு நாம் செய்யாத தப்பெல்லாம் ஞாபகம் வரும்.

இனி அலமாரிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஆனி, ஆடி வந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே குடியிருக்கும். தோல் செருப்பை ஒரு வாரம் போடாமல் விட்டால் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். அதனால் நல்ல துணி வைக்கிற அலமாரிக்குள் சின்னக் குண்டு பல்பு ஒன்றை எப்போதும் எரியவிடுவது இங்கே வழக்கம். அந்தச் சூட்டில் உள்ளே காய்ந்தே இருக்கும். பவுல்ராஜ் அண்ணனும் கல்யாணக் கோட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் பல்பு போடக் கூப்பிட்டார். எல்சாக்கா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அலமாரியின் பின்பலகையில் நான் ஓட்டை போட்டபோது, அந்த அதிர்வில் கீழ்த்தட்டை மூடியிருந்த துணி சரிந்தது.

உள்ளே வரிசையாகக் கரகாட்டக் கேசட்டுகள். தெற்கத்தித் திருவிழாக்களில் நடக்கிற ஆட்டத்தை அப்படியே பதிவு செய்து பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் விற்பார்களே, அந்தச் சரக்கு. நையாண்டி மேளம் காதைக் கிழிக்கும். நடுநடுவே பபூன் வந்து பேசுகிற பேச்சை, கல்யாணமாகிப் பேரன் எடுத்த ஆம்பளைகளே அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். அட்டைப் படங்களைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அடுத்த தட்டில் பழைய கவர்ச்சி நடனப் பாட்டுகளின் தொகுப்பு, மாமியாரும் மருமகளும் பாட்டாலேயே சண்டை போடுகிற காமெடி கேசட்டுகள், ஆடி மாதத்து அம்மன் பாட்டுகூட இரண்டு. எல்லாம் மேட்டுப்பாளையத்திலும் கோயமுத்தூரிலும் வாங்கி, ஸ்வெட்டருக்குள் செருகி மலையேறியவை.

நான் திரும்பிப் பார்த்தேன். பவுல்ராஜ் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலை கேட்டில் நிற்கும்போது இருக்குமே, அதே முகம்.

"ஏகா, எல்சாவுக்கு இது தெரிஞ்சா என்னை மனுசனாவே மதிக்க மாட்டா" என்றார். கிண்டல் செய்ய வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் அலமாரியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. இன்னொன்று குவார்ட்டர்ஸிலிருந்து வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாகச் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்சாக்கா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போனதும் அவர் கேட்க உட்கார்வார். ஜன்னல் சாத்தியிருக்கும். பழைய டேப் ரெக்கார்டரில் ஹெட்போனைச் செருகி, அதற்கு மேலே மங்கி குல்லாயையும் இழுத்துவிட்டுக்கொள்வார். நான் போனால் கதவைத் திறந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. அவர் தோள் மட்டும் ஆடும். முதலில் இடது தோள், பிறகு இரண்டும், பிறகு உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பு வரைக்கும். பபூன் பேசுகிற இடம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. ஆனால் வெளியே ஒரு ஜீப் சத்தம், ஒரு நாய்க் குரைப்பு போதும், கை தானாகப் போய் மெஷினை அணைத்துவிடும்.

"இத்தனை பயந்துட்டு எதுக்குங்கண்ணா இதைக் கேக்கோணும்?" என்று ஒருமுறை எரிச்சலாகவே கேட்டேன்.

"இதுல பாடறவங்க சுருதி விட்டுப் பாடறாங்க ஏகா. தொண்டை பிசிறுது. ஆனா யாரும் அவங்கள நிறுத்தறதில்ல" என்றார்.

கேசட்டின் காலம் போய், சி.டி.யின் காலமும் போய்விட்டது. செல்போனில் எல்லாம் கிடைக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். செல்போனை எல்சாக்காவும் எடுப்பார், அதில் தேடியதெல்லாம் நிற்கும் என்று கும்பிடு போட்டுவிட்டார். பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. "நீ மாட்டுன பல்பு இன்னிக்கு வரைக்கும் ஃபியூஸ் போகல பாரு, கர்த்தருடைய கிருபை" என்பார். குண்டு பல்பு அத்தனை வருஷம் தாங்காது என்று எலெக்ட்ரீஷியனான எனக்குத் தெரியும். பெருமையாகச் சொல்கிறவரிடம் போய் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் மழை தொடங்கியபோது அவருக்கு மேடேறினால் நெஞ்சு பிடித்தது. கோயமுத்தூரில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, மூன்று அடைப்பு இருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார்கள். வயசும் சர்க்கரையும் இருப்பதால் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். நான் ஆறுதல் சொல்லத் தயாராகப் போனேன்.

"எனக்கு ஏதாவது ஆனா மொதல்ல கோட்டைத்தான் தேடுவாங்க ஏகா" என்றார்.

அவர்கள் சபையில் ஆம்பளை இறந்தால் கோட்டு, டை எல்லாம் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். துக்க வீட்டுக்குப் பாடகர் குழு முதலில் போகும். அழுதுகொண்டிருக்கிற பெண்களைத் தொந்தரவு செய்யாமல் ஆண்களே அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்து உடுத்திவிடுவார்கள். அப்படி எத்தனையோ பேருக்கு உடுத்தியவர் பவுல்ராஜ் அண்ணன். ஒரு வீட்டில் சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்தபோது கோட்டுக்குப் பின்னாலிருந்து பிராந்தி பாட்டில்கள் உருண்டு வந்ததாம். ஆலயத்துக்காக ஓடாய்த் தேய்ந்த மனிதர். இன்றைக்கும் அவர் பெயரை எடுத்தால் சனம் பாட்டிலைத்தான் பேசுகிறது என்றார் அண்ணன்.

"தேவநேசன்தான் முன்னாடி நிப்பான். அவன் வாயைப் பத்தி உனக்குத் தெரியும். ஆனா அவன் கூடப் பரவால்ல. எல்சா பக்கத்துலயே நிப்பா. நான் செத்துக் கெடக்கையில அவ அந்த அட்டைப் படத்தையெல்லாம் பார்ப்பா. என்னால எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

தேவநேசன் சபையின் செயலாளர். அவரிடம் ஒரு விஷயம் போனால் குன்னூர் மார்க்கெட்டுக்கே போன மாதிரி.

கேசட்டுகளை எரித்துவிடலாம் என்றேன். அடைமழையில் எப்படி எரிப்பது? வீட்டுக்குள் எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். தோட்டத்தில் புதைக்கலாம் என்றேன். காட்டுப்பன்றி வந்து கிளறிச் சாலைவரைக்கும் இழுத்துப் போடும் என்றார். அதுவும் நிஜம்தான். கடைசியில், கோட்டை மட்டும் என் வீட்டில் வைத்துவிட்டால் அலமாரியைத் திறக்க வேண்டியதே இல்லையே என்று ஒரு யோசனை தோன்றியது. அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் அம்சவேணி வாசலிலேயே மறித்தாள்.

"நல்லா இருக்கற மனுசனோட சாவுக் கோட்டைக் கொண்டாந்து என்ற ஊட்டுல மாட்டறதுங்களா? எடுத்துட்டுப் போங்க" என்றாள். கோட்டு திரும்ப அலமாரிக்கே போனது. ஆபரேஷன் தேதி நெருங்க நெருங்க அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கத் தொடங்கினார். பயத்தில் ஒரு ஆள் இளைப்பதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கும் தூக்கம் கெட்டது.

கிளம்புகிற அன்று காலையில் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். என் கண் முன்னால் கோட்டைத் தொட்டுப் பார்த்து, அலமாரியைப் பூட்டி, சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"செய்தி வந்ததும் நீதான் மொதல்ல வரோணும். கோட்டை வெளிய வெச்சுப்போட்டு, மத்ததை உன்ற ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரு. எல்சா பாத்துப்போடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் காரில் உட்கார வைத்தேன். கார் கிளம்பும் நேரத்தில் ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டேன் என்று எல்சாக்கா இறங்கிப் போனார். வருவதற்குச் சற்று நேரமானது. வந்ததும் வீட்டுச் சாவியை அம்சவேணியிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். பவுல்ராஜ் அண்ணன் கார்க் கண்ணாடி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டு போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சேதி வந்தது. அம்சவேணி மாரியம்மன் கோவிலுக்குப் போய் விளக்கு போட்டாள். நானும் அலமாரிச் சாவியைப் பர்ஸுக்குள் தள்ளிவிட்டு மறந்திருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் குன்னூர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது எல்சாக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அவரு போயிட்டாருங்க" என்றார். குரலில் அழுகை இல்லை. "ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. சபை ஐயருக்குச் சொல்லிட்டேன்."

நான் கிழங்குப் பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. அம்சவேணிக்குப் போன் போட்டேன்.

"தேவநேசன் அய்யாவும் நாலு பேரும் வந்தாங்க. ஊட்டுச் சாவியைக் கேட்டாங்க, குடுத்துட்டேன். அவரை வெக்கறதுக்கு எடத்தை ஒழிக்கோணுமாமா" என்றாள்.

ரோட்டில் இறங்கித் தேயிலைக்கு நடுவே இருந்த குறுக்குப் பாதையில் ஓடினேன். மூடுபனி நாலடிக்கு மேல் தெரியவிடவில்லை. பாதி தூரத்தில் எனக்கு முன்னால் பெரிதாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டு நின்றேன். காட்டெருமை. பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முதுகு என் தலைக்கு மேலே இருந்தது. நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. கீழே அண்ணன் வீட்டில் மேஜை நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. தேவநேசனின் குரல் கேட்டது. பிறகு எதையோ சுத்தியலால் அடிக்கிற சத்தம். பூட்டை உடைக்கிறார்கள் என்றே நினைத்தேன். செத்துப்போன மனிதருக்கு நான் செய்து கொடுத்த ஒரே சத்தியம் இப்படிப் போகிறதே என்று கண் கலங்கியது. அந்த மாட்டைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், வாய்க்குள்ளேயே. அது தன் சௌகரியத்துக்கு நாலு வாய் புல் மேய்ந்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கியது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலில் பந்தலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தேவநேசன் முன்னறையில் நின்றிருந்தார்.

"வாங்க ஏகநாதன். பாருங்க, எங்களுக்கு ஒரு வேலையும் வெக்கல. எல்லாம் எடுத்தே வெச்சிருக்காங்க" என்றார்.

நாற்காலியில் கோட்டு இருந்தது. தேய்த்து மடிப்புக் கலையாமல், பக்கத்தில் வெள்ளைச் சட்டை, டை, சாக்ஸ், பாடகர் குழுவின் பேட்ஜ் எல்லாம் ஒரு வெள்ளைத் துணியின்மேல்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் கண் முன்னால் பூட்டிய அலமாரி. சாவி என் பர்ஸில் இருக்கிறது. உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு அலமாரியைத் திறந்தேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. கோட்டு தொங்கிய ஹேங்கர் காலியாக இருந்தது. கேசட்டுகள் தூசி இல்லாமல், ஒன்றுகூட இடம் மாறாமல் இருந்தன. மேல்தட்டின் மூலையில், பழைய கம்பளிச் சால்வைக்குப் பின்னால், அட்டைப் பெட்டியில் நாலைந்து குண்டு பல்புகள். எல்.இ.டி. வந்த பிறகு குண்டு பல்பு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடை கடையாகக் கேட்க வேண்டும். அந்தப் பல்பு ஒருநாளும் ஃபியூஸ் போகாத அதிசயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்சாக்கா அன்று ஃபிளாஸ்க்கை மறந்தது ஏன் என்பதும் விளங்கியது. நான் எதையும் எடுக்கவில்லை. பூட்டிவிட்டு வந்து பந்தலுக்குக் கயிறு பிடித்தேன்.

அடக்க ஆராதனையில் பாடகர் குழு சுருதி விடாமல் பாடியது. அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய இசை ஒழுக்கத்தைப் பற்றியே பேசினார்கள். எல்சாக்கா தலை குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சாவியைக் கொடுக்கப் போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். தன் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த இன்னொரு சாவியோடு அதையும் சேர்த்தார். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது.

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அக்கா. அந்த மனுசன் கடைசி மாசம் சோறு தண்ணி இல்லாமப் பயந்து செத்தாருங்க."

எல்சாக்கா கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஆபரேசனுக்கு முந்துன நாள் சொன்னேன் தம்பி. அலமாரிய நெனச்சுக் கவலைப்படாதீங்கன்னு ஆரம்பிச்சேன். அலமாரிங்கற வார்த்தைக்கே அவருக்கு மூச்சு வாங்கிருச்சு. பிரசர் ஏறி மெசினெல்லாம் கத்துச்சு. நர்ஸு வந்து என்னை வெளிய அனுப்பிட்டா. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"மொதல்ல தெரிஞ்சப்ப எனக்கு அருவருப்பாத்தான் இருந்துது" என்றார். "ஒரு வியாழக்கெழமை கூட்டம் இல்லைன்னு பாதியில திரும்பி வந்தேன். நேர்லயே கேட்டுரலாமுன்னு வந்து, ஜன்னல் கண்ணாடி வழியாப் பாத்தேன். அவரு தோளை ஆட்டிட்டுச் சிரிச்சிட்டு இருந்தாரு. எங்கூட இருக்கையில அப்படிச் சிரிச்சதில்ல. கேட்டா விட்டுருவாருன்னு தெரியும். அதனால கேக்கல. வியாழக்கெழமை கூட்டம் இல்லாட்டியும் குடையை எடுத்துட்டுக் கெளம்பிருவேன்."

எங்கே போவீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பேன் என்றார்.

பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து டேப் ரெக்கார்டரையும் ஒரு கை கேசட்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அவரு எதைக் கேட்டுட்டு அப்படிச் சிரிப்பாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. காதுல மாட்டிக்குவாரே. எதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா தம்பி?"

எனக்கும் தெரியாது. நான் பார்த்ததும் தோளைத்தான். அட்டை மிகவும் தேய்ந்திருந்த கேசட் ஒன்றை எடுத்துப் போட்டேன். ஹெட்போனைப் பிடுங்கியதும் நையாண்டி மேளம் வீட்டையே தூக்கியது. பதறிப்போய் ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

"தொறந்தே இருக்கட்டுமுங்க" என்றார் எல்சாக்கா.

தொண்டை பிசிறிய ஒரு பெண் குரல் பாடியது. பிறகு பபூன் வந்தான். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்சாக்கா முகம் சுளித்தார். "கருமம்" என்றார். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

பேச்சு முடிந்து மேளம் தொடங்கியதும் முந்தானையை எடுத்தார்.

"அந்த எடத்தை இன்னொருக்காப் போடுங்க தம்பி" என்றார்.